பதினோராவது ஆள்

லிஃப்ட் படுத்து மூன்று வாரம். அதற்காகக் குடியிருப்புச் சங்கம் கூட்டிய மூன்றாவது கூட்டம் இது. வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களைச் செயலாளர் பேனாவால் சுட்டிச் சுட்டி எண்ணினார். நாலாம் மாடித் தையல்காரி எண்ணவில்லை. எண்ணினால் மட்டும் கூடிவிடப் போகிறதா என்ன?

"என்னையும் சேத்துப் பத்துதாம்மா. பதினோரு பேர் இல்லாம கூட்டம் செல்லாது."

அவர் முப்பது வருஷம் அலுவலகக் கோப்புகளோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவர். வீடு தரைத்தளத்தில். லிஃப்ட் ஓடினால் அவருக்கென்ன, உறங்கினால் அவருக்கென்ன.

"எங்க வீட்டுக்கு நான் வந்திருக்கேனே சார்."

"வீடு உங்கப்பா பேர்ல இருக்கு. பதிலாள் கூடாதுன்னு விதி. கொண்டு வந்ததே அவர்தானே."

அதுதான் அவள் வாயை அடைத்தது. இரண்டு மாதம் முன்பு சங்கம் தொடங்கிய அன்று அப்பா நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். "பிள்ளைய அனுப்பிட்டு வீட்ல டிவி பாக்கற கதையெல்லாம் வேணாம், உறுப்பினரே நேர்ல வரணும்" என்று முழங்கினார். முதலில் கைதட்டியவள் அவள்தான். அடுத்த மாதமே குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை முடிந்து நாலாம் மாடிக்கு வந்து சேர்ந்த வாரமே லிஃப்ட் நின்றது.

சங்கத் தீர்மானம் இல்லாமல் லிஃப்ட் கம்பெனிக்காரன் கை வைக்க மாட்டானாம். இருப்பது பதினாறு வீடு. இரண்டு பூட்டிக் கிடக்கிறது, மூன்று வீட்டுக்காரர்கள் கதவையே திறப்பதில்லை. மிச்சம் பதினொன்றில் ஒருவர் அப்பா. பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போகாவிட்டால், வீட்டிலாவது தினம் பத்தடி நடக்காவிட்டால், காலத்துக்கும் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவோ, "லிஃப்ட் வரட்டும், பாக்கலாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். கீழே செயலாளர், மேலே அப்பா, இரண்டு கிழங்களும் சேர்ந்து உயிரை வாங்கின.

"சார், கூட்டம் எங்க நடக்கணும்னு விதியில இருக்கா?"

செயலாளர் நோட்டைப் புரட்டினார். "கட்டடத்துக்குள்ளன்னு மட்டும் இருக்கு."

"எங்க வீடும் கட்டடத்துக்குள்ளதான இருக்கு? எல்லாரும் ஏறுங்க."

முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். நாலாம் மாடி வந்ததும் தையல்காரி திரும்பி எண்ணினாள். ஒன்பது. செயலாளர் மூன்றாம் மாடித் திருப்பத்தில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கு மேல முடியாதும்மா. நான் வந்ததா எழுதிக்கலாம்."

உள்ளே படுத்திருந்த அப்பாவின் காதில் அது விழுந்தது. "அதெப்படி? பாக்காம எப்படி எண்ணறது? செல்லாது."

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க. உங்களுக்காகத்தான் இவ்வளவு பேர் மூச்சு வாங்கிட்டு நிக்கறாங்க."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, மூன்று வாரமாக மூலையில் கிடந்த, பிடித்து நடக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைச்சட்டம் தரையில் டொக்கென்று ஊன்றும் சத்தம். இன்னொரு முறை. இன்னொரு முறை. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் படிக்கட்டின் கைப்பிடி வரை வந்து கீழே எட்டிப் பார்த்தார்.

"தெரியறாரு. இப்ப எண்ணிக்கோங்க."

"பதினொண்ணு," என்றார் கீழேயிருந்தவர்.

பத்தடிக்கு மேலேயே இருக்கும். மூன்று வாரமாக அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் கட்டிலை விட்டு அசையாத மனுஷன். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"உக்காருங்கப்பா, நாற்காலி கொண்டு வரேன்."

"இரு. தீர்மானம் முடியட்டும்."

லிஃப்டைப் பழுது பார்க்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றது கீழேயிருந்து செயலாளரின் குரல். அப்பா சட்டத்திலிருந்து ஒரு கையை எடுத்து உயர்த்தினார். உடம்பு ஆடியது. ஓட்டு இல்லாத தையல்காரி பின்னால் நின்று இரண்டு கையாலும் அவர் முதுகைத் தாங்கிக்கொண்டாள்.