மூன்றாம் ஓலையும் ஏழாம் சில்லும்

கல்யாணப் பத்திரிகையை உண்ணி சாரிடம் கொடுத்ததுதான் ஷிஜி செய்த தப்பு. நான்கு வருஷமாகப் பாறசாலையில் ரயிலேறித் திருவனந்தபுரம் ஆய்வுக்கூடத்துக்குப் போய், நகத்தைவிடச் சின்னச் சில்லுகளில் காந்தப் படலம் பூசி, எலக்ட்ரானின் சுழற்சியை வைத்து நினைவகம் செய்ய முடியுமா என்று அளந்தவள் அவள். கட்டுரை ஆய்வுப் பத்திரிகைக்குப் போனபோது முதல் பெயர் ஆதித்யனுடையது. ஆய்வுக்கூடத்துக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாதவன். அவள் பெயர் மூன்றாவது.

"நீ கல்யாணம் கெட்டிப் போறவ. அவனுக்கு வேலைக்கு உதவுமாக்கும்," என்றார் வழிகாட்டியான உண்ணி சார். பக்கத்துப் பெருங்கடவிளைக்காரர், அவளிடம் ஊர்ப்பாசமாம்! கெட்டிப் போவது நெய்யாற்றின்கரைக்கு. அங்கிருந்து ஆய்வுக்கூடம் இன்னும் கிட்டம். முதல் பெயராக ஒரு கட்டுரை இல்லாமல் முனைவர் பட்டம் கிடையாது என்பது அவருக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவளுடைய கல்யாண அறிவிப்பான ஓலையை மூன்றாம் முறையாக வாசித்தார்கள். யாருக்காவது தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று போதகர் வழக்கம்போலக் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆராதனை முடிந்து முற்றத்துக்கு வந்ததும் உண்ணி சார் போனில் அழைத்தார்.

"ஷிஜி, ஏழாம் சில்லுல மட்டும் வோல்ட்டேஜ் தலைகீழா வருது, எதனாலன்னு பத்திரிகைக்காரன் கேக்கான். ஆதித்யனுக்குத் தெரியல்ல. நாளைக்கு பதில் அனுப்பணும்."

அவனுக்கு எப்படித் தெரியும்? அந்தச் சில்லைத் திருப்பி வைத்து அளந்துவிட்டு, தப்பை உணர்ந்து நேராக வைத்து மறுபடி அளந்தவள் ஷிஜி. நோட்டில் தேதியோடு எழுதியவளும் அவளே. அவன் கட்டுரைக்கு எடுத்துக்கொண்டது அந்தத் தப்பான முதல் அளவீடு.

"முதல்ல பேரை மாத்துங்க சார்."

"அதெல்லாம் பெறவு பாக்கலாம். கல்யாணத்துக்கு நான் வாறேன் மக்கா, நீ காரணத்தைச் சொல்லு."

அந்த 'மக்கா'வில் அவளுக்கு உச்சி வரை கொதித்தது. அளந்தது தான்தான், முதல் பெயர் தன்னுடையது என்று ஆய்வுப் பத்திரிகைக்கு எழுதி, நோட்டுப் பக்கத்தையும் படமெடுத்துச் சேர்த்து, ஒரு வாரமாக அனுப்பாமல் பொறுத்திருந்த கடிதம் போனிலேயே கிடந்தது. பேசிக்கொண்டே அதைத் தேடி எடுத்து, சாருக்கும் ஒரு நகல் வைத்து அனுப்பினாள்.

"என் கல்யாணத்துக்கு மூணு ஞாயிறு, ஆருக்காவது தடை உண்டான்னு ஊரறிய கேட்டாவ சார். என் பேரைக் கீழ தள்ளும்ப நீங்க ஒருக்கா கேட்டியளா?"

மெயில் போய்விட்டதைத் திரையில் பார்த்துக்கொண்டாள்.

"மெயிலைத் திறந்து பாருங்க," என்றாள் ஷிஜி. "என் தடையை எழுதி அனுப்பியாச்சு."