கவுளி சொல்லட்டுங்க

மயிலான் என்ற காங்கேயம் காளை செத்து வருடங்கள் ஆகிவிட்டன. அதன் விந்து ஒரே ஒரு குச்சியில் மிச்சமிருந்தது. குச்சி என்றால் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்தான். சூலூர் ஆய்வகத்தில் நைட்ரஜன் கேனுக்குள் உறைந்து கிடந்தது. காளைக்காரர் அங்கப்பனுடைய பசுவிடமிருந்து நேற்று எடுத்த கருமுட்டைகள் இன்று பக்குவமாகிவிட்டன. மதியத்துக்குள் இரண்டையும் சேர்க்காவிட்டால் முட்டைகள் வீண். மயிலானின் வாரிசும் அத்தோடு முடிந்தது.

டாக்டர் நந்திதா எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தாள். அங்கப்பன் மட்டும் தயாராகவில்லை.

“கவுளி சொல்லட்டுங்க டாக்டரம்மணி. பல்லி வாக்குக் கேக்காம நாங்க எதையும் செய்யறதில்லீங்க. வலப்பக்கம் சொன்னா ஆகட்டும். இடப்பக்கம் சொன்னா வேண்டாமுங்க.”

நந்திதா கூரையைப் பார்த்தாள். போன வாரம்தான் ஆள் வைத்து மருந்தடித்து எல்லாப் பல்லிகளையும் விரட்டியிருந்தாள்.

“இங்க பல்லி வராதுங்க ஐயா. சுத்தமான இடம்.”

“பல்லி இல்லாதது ஒரு இடமுங்களா?”

தலையில் மாட்டிய நீலத் தொப்பியோடு அவர் மேஜைக்கு இந்தப் பக்கம் அசையாமல் நின்றார். எதிர்ப்பக்கம் அதே மாதிரித் தொப்பியோடு அவர் மனைவி சின்னாத்தாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முட்டை இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் கண்ணு?”

“இதுக்கு மேல தாங்காதுங்கம்மா.”

“அப்ப நீ போடு சாமி. கவுளிக்கு வாய் இருக்குது. வேணும்னா சொல்லட்டும்.”

அங்கப்பன் வாயைத் திறப்பதற்குள் நந்திதா குச்சியை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி சத்தமிட்டது. அங்கப்பனுக்கு இடப்பக்கம்.

“நிறுத்துங்க! வேண்டாங்குது! மறுக்கா கேனுக்குள்ளயே வெச்சுருங்க!”

“உருகிப்போச்சுங்க ஐயா. மறுபடி உறைய வெச்சா அத்தனையும் செத்துப்போகும்.”

அங்கப்பன் முகம் வெளுத்தது. சின்னாத்தாள் மட்டும் அசரவில்லை.

“ஏனுங்க, எனக்கு அது வலப்பக்கமுங்க.”

“கேட்டது நானு!”

“மயிலானுக்குத் தண்ணி காட்டுனது, சாணி அள்ளுனது, காச்சலுக்குக் கசாயம் ஊத்துனது எல்லாம் நானு. கவுளி உங்ககிட்ட எதுக்குச் சொல்லோணும்?”

அங்கப்பன் மேஜையைச் சுற்றி வந்து மனைவியின் பக்கத்தில் நின்று டியூப்லைட்டைப் பார்த்தார்.

“ஆமாங்க. வலப்பக்கந்தான். ஆகட்டுங்க.”

நந்திதா குச்சியின் ஈரத்தை ஒட்டத் துடைத்து, நுனியை வெட்டி, சோதனைக்குழாயிலிருந்த கெட்டியான திரவத்தின்மேல் விந்தை மெல்ல விட்டாள். குழாயை இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினால் செத்த விந்தணுக்களும் சோம்பியவையும் மேலேயே தங்கிவிடும், துடிப்பானவை அடியில் போய்ச் சேரும் என்று விளக்கினாள்.

“மேல தங்கறதும் மயிலானோடதுதானுங்களே. அதுகளை உட்டுட்டா நல்லாவாங்க இருக்கும்?” என்றார் அங்கப்பன்.

“சோம்பிக் கெடக்கற உங்க தம்பிமாருகன்னு நெனச்சுக்கங்க” என்றாள் சின்னாத்தாள்.

சுழன்று முடிந்ததும் அடியில் சேர்ந்ததைக் கழுவி ஒரு துளியை நுண்ணோக்கியில் காட்டினாள் நந்திதா. அங்கப்பன் ஒரு கண்ணை மூடிக் குனிந்தார்.

“எதுத்தாப்புல இருக்கறதையெல்லாம் முட்டிக்கிட்டுப் போகுது பாரு! அவனேதான்!”

மதியத்துக்குள் முட்டைகளோடு சேர்த்தாயிற்று.

இரண்டு நாள் கழித்து மருந்தடிக்கிற ஆள் கேனோடு வந்து நின்றான். இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பினாள் நந்திதா. முட்டைகளை வெதுவெதுப்பில் வைத்திருந்த பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். உடனே திறக்கவில்லை. எதற்காக நிற்கிறோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு திறந்தபோது டியூப்லைட்டிலிருந்து சத்தம் வந்தது. இடப்பக்கம்.

நுண்ணோக்கியில் பார்த்தாள். ஐந்து முட்டைகள் கரு பிடித்துப் பிரியத் தொடங்கியிருந்தன. உடனே அங்கப்பனுக்குப் போன் செய்தாள்.

“அஞ்சு தேறியிருக்குதுங்க ஐயா!”

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. பிறகு, “கவுளி எந்தப் பக்கம் சொல்லுச்சுங்க?”

நந்திதா போனைக் காதில் வைத்தபடியே திரும்பி நின்றுகொண்டாள்.

“வலப்பக்கந்தானுங்க.”