கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

பள்ளிக்கூடத்து கேன்டீனில் ஆறு வருடமாக நிற்கிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் கடுகு அக்கா. சட்டென்று வெடிப்பேனாம். வெடிக்காமல் என்ன செய்வது? வெள்ளரித் துண்டும் அவித்த முட்டையும் சாயங்காலம்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடக்கும். கிரீம் பன் மட்டும் பத்து நிமிடத்தில் காலி. காய் என்றதும் வயிற்றுவலி வரும், பன்னைப் பார்த்ததும் போய்விடும். இந்த நாடகமெல்லாம் எனக்கு அத்துப்படி.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். ஓரிடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் சிட்டு என்று கூப்பிடுவேன். இரண்டு மாதத்துக்கு முன் அவளுக்குச் சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்தார்கள். பத்து வயதில்! மதியச் சாப்பாட்டுக்கு முன் தினமும் நர்ஸ் அறையில் ஊசி. அவள் அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். அரைநாள் லீவு போட்டுவிட்டு என்னைப் பார்க்க வந்தார். கையில் நீளமாக ஒரு காகிதம்.

"அக்கா, இவ எவ்வளவு கெஞ்சினாலும் இனிப்பு மட்டும் குடுத்துடாதீங்க. உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

"கவலையை விடுங்கம்மா. அவ பருப்பு என்கிட்ட வேகாது."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மணி அடித்துக் கூட்டம் வந்துவிட்டது. "எல்லாம் இதுல எழுதியிருக்கு, பாத்துக்குங்க" என்று காகிதத்தைத் திணித்துவிட்டுப் போனார். மேலே சிட்டுவின் படம். அதன் கீழே பெரிய எழுத்தில், 'இனிப்பு கூடாது'. எனக்கு அது போதும். எனக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே இருக்கும் தடுப்புக் கண்ணாடியில், என் கண்ணில் படும்படி ஒட்டினேன். நீளம் அதிகமாக இருந்ததால் கீழ்ப்பாதியைப் பின்னால் மடித்து டேப் போட்டுவிட்டேன்.

சிட்டு லேசுப்பட்டவள் இல்லை. முதல் வாரம், "அம்மா இன்னிக்கு மட்டும் சரின்னுட்டாங்க" என்று வந்தாள். அடுத்த வாரம் கண்ணைச் செருகி மயக்கம்போல் சாய்ந்து காட்டினாள். "இரு, டாக்டரைக் கூப்பிடறேன், பெரிய ஊசியோட வருவாரு" என்றதும் எடுத்தாளே ஓட்டம்!

போன வியாழக்கிழமை சாப்பாட்டு நேரம் முடியும்போது மறுபடி வந்தாள். நெற்றி முடியெல்லாம் நனைந்திருந்தது. விளையாடிவிட்டு வருகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா... ஜூஸ்..." வார்த்தை இழுத்துக்கொண்டு வந்தது. விரலை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டாள். விரல் நடுங்கியது. அந்த விரலுக்கு நேர் பின்னால்தான் பன் தட்டு இருந்தது.

"ஜூஸ்னு சொல்லிட்டுக் கை பன்னுக்குப் போகுதா? இன்னிக்கு நடிப்பு பிரமாதம்டி. போ கிளாசுக்கு!"

அவள் போகவில்லை. திரும்பவும் அதே இடத்தில் விரலை வைத்தாள். "இதுல... அக்கா, இதுல..."

"இதுலயும் இல்ல, அதுலயும் இல்ல. போறியா, டீச்சரைக் கூப்பிடவா?"

போய்விட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மணி அடித்தது. கண்ணாடியைத் துடைக்கத் துணியை எடுத்துக்கொண்டு வெளிப்பக்கம் வந்தேன். வியர்வையோடு சின்ன விரல் ரேகை ஒன்று பதிந்திருந்தது. அதற்குப் பின்னால், நான் மடித்து ஒட்டிய கீழ்ப்பாதி. எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. கழுத்தைச் சாய்த்துப் படித்தேன்.

'வியர்த்தால், கை நடுங்கினால், பேச்சு குழறினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே பழச்சாறு கொடுங்கள். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து.'

ஐயோ, அவள் பன்னைக் காட்டவில்லை! கையில் அகப்பட்ட ஜூஸ் டப்பாவோடு ஓடினேன். வகுப்பில் அவள் இல்லை. "நர்ஸ் ரூம்ல இருப்பான்னு நினைச்சேன்" என்றார் டீச்சர். நர்ஸ் அறை பூட்டியிருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவளை விரட்டிப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. "நர்ஸைக் கூட்டிட்டு வாங்க!" என்று வாட்ச்மேனைப் பார்த்துக் கத்தினேன். கழிப்பறை, குழாயடி, நூலகம்... எங்கும் இல்லை. கடவுளே, கடவுளே என்று வாய் மட்டும் அடித்துக்கொண்டது.

மாடிப்படிக்கு அடியில், உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே சுருண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னை அடையாளம் தெரிந்ததா என்று சொல்லமுடியாது. ஸ்ட்ராவை வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"வேணாம்... திட்டுவீங்க."

அடையாளம் தெரிந்துதான் இருந்தது. என் மண்டையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கெஞ்சினேன்.

"திட்டமாட்டேன்டி கண்ணு. ஒரே ஒரு வாய். என் ராசாத்தி இல்ல, அக்காவுக்காக. வாயைத் திறம்மா. தெறந்துடும்மா."

எவ்வளவு கெஞ்சினேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் உதடு விலகியது. ஒரு மடக்கு. இன்னொன்று. டப்பா காலியாகும்வரை அவள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் ஓடிவந்து அவள் விரலைக் குத்திப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார். "சர்க்கரை ஏறுது," என்றார். ஊசி போட்டுக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் பந்து விளையாட ஓடியிருக்கிறாள், அதில்தான் சர்க்கரை இறங்கியிருக்கிறது. சிட்டுவின் கன்னத்தில் மெல்ல நிறம் வந்தது. என்னைப் பார்த்தாள்.

"நான் காட்டினேன்ல அக்கா?"

"காட்டினேடி," என்றேன்.

அவள் அம்மா கடையிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தார். மகளைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இஸ்திரிச் சூடு பட்ட தழும்புகள் என் உள்ளங்கையில் உறுத்தின.

"நீங்கதான் தேடிப்பிடிச்சு ஜூஸ் குடுத்தீங்களாமே. நீங்க மட்டும் அந்தப் பேப்பரைப் படிச்சு வெச்சிருக்கலைன்னா..."

சிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நர்ஸுக்கும் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டால் போதும். ஓடியபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை.

"அவ முதல்லயே வந்து கேட்டாம்மா. நான் துரத்திட்டேன்."

"பேப்பர்லதான் எழுதியிருந்தேனே?"

"பாதிதாம்மா படிச்சேன்."

அவர் என் கையை விட்டார்.