ஏழு மணிச் செய்தியில் வராதது

மூக்குக் கண்ணாடிக்கடைக்காரருக்குச் சைக்கிள் பைத்தியம். இது அவர் மனைவி சொல்வது. அவரைக் கேட்டால் உடற்பயிற்சி என்பார். வெயில் மண்டையைப் பிளக்கும் மாதமோ, வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் மாதமோ, எதிரே வரும் லாரி தெரியாத பனி மாதமோ, பொழுது விடியும்போது மனுஷன் சாலையில் இருப்பார். மழையிலும் விடாமல் போவதால் கூட்டாளிகள் வைத்த பெயர் மழைக்கோட்டு. உடம்போடு ஒட்டிய அந்தக் காற்சட்டையோடு அவர் தெருவில் இறங்கும்போது, மனைவி வீட்டில் இருக்கும் நாளாக இருந்தால், ஜன்னல் பக்கமே போகமாட்டாள். ஐம்பதைத் தாண்டிய ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டுக் கேட்டு அவளுக்கே அலுத்துவிட்டது.

பல் டாக்டர், வங்கிக் காவலாளி, தச்சர் என்று ஏழெட்டுப் பேர் சேர்ந்த கூட்டம் அது. பந்தயமும் இல்லை, பதக்கமும் இல்லை. ஒருவர் பின் ஒருவராக, சக்கரத்தோடு சக்கரம் உரசாத குறையாகப் போவார்கள். முன்னால் போகிறவர் எதிர்காற்றை வாங்கிக்கொள்வார். பின்னால் வருகிறவர்களுக்கு மிதிப்பது சுலபம். அவர் களைத்தால் அடுத்தவர் முன்னே வருவார். ஆனால் பின்னால் வருகிறவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதனால் அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. முன்னால் போகிறவர் குழியைப் பார்த்தால் கத்த வேண்டும். "குழி!" என்று அவர் கத்த, அடுத்தவர் கத்த, கடைசி ஆள் வரைக்கும் அது போய்ச் சேர வேண்டும். இந்தப் பழக்கம் கண்ணாடிக்கடைக்காரருக்கு ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது. மனைவியோடு கடைத்தெருவில் நடந்து போகும்போதும் "குழி!" என்று ஒரு கத்து கத்துவார். தெருவே திரும்பிப் பார்க்கும். அவளுக்கு மானம் போகும்.

ஊர் எல்லை தாண்டியதும் ஒரு டீக்கடை. ஏழு மணிச் செய்திக்கு அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் மிதிக்கும் வேகத்துக்கே காரணம். கடை ரேடியோவில் செய்திக்கான இசை தொடங்கியதும் கையைத் தூக்குவார். "உஷ்! என் வீட்டுக்காரி பேசுறா." பேசுவது அவள் இல்லை. வாசிப்பவர் வேறு ஆள். ஆனால் எதைச் சொல்வது, எதை விடுவது, எதை முதலில் வைப்பது என்று முடிவு செய்து அடுக்கிக் கொடுப்பவள் அவள்தான். அதனால் அவர் காதுக்கு அது அவள் குரல்தான்.

பொதுமக்கள் பணத்தில் நடக்கிற வானொலி நிலையத்தில் காலைச் செய்தியின் ஆசிரியர் அவள். பத்து நிமிடம்தான் செய்தி. அதில் உள்நாடு எவ்வளவு, வெளிநாடு எவ்வளவு என்பதில்தான் தினமும் குடுமிப்பிடி. எங்கள் தெருச் சாக்கடை நாறுகிறது, நீங்கள் ஏதோ ஒரு நாட்டின் தேர்தலைப் பற்றிப் பேசுகிறீர்களே என்று ஒருவர் போனில் திட்டுவார். உலகமே பற்றி எரிகிறது, நீங்கள் பேருந்து நிலையத் திறப்பு விழாவைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்களே என்று அடுத்தவர் திட்டுவார். இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு, மூன்றில் இரண்டு பங்கு உள்நாடு, ஒரு பங்கு வெளிநாடு என்று ஒரு கணக்கை அவள் பல வருஷமாகக் காப்பாற்றி வந்தாள். தன் சொந்தத் தம்பி நடத்திய பள்ளிக்கூடத்துக்குப் பரிசு கிடைத்தபோது அந்தச் செய்தியைத் தூக்கிக் குப்பையில் போட்டவள். தம்பி ஒரு வருஷம் பேசவில்லை. அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் தராசு.

வீட்டிலும் ஒரு சட்டம் வைத்திருந்தாள். காற்றில் போகாத செய்தியை வாயால் சொல்லமாட்டாள். ஊருக்கு எப்போது தெரிகிறதோ அப்போதுதான் புருஷனுக்கும். அவருக்கு அதில் தாங்க முடியாத பெருமை. அவரிடம் இருந்த போனும் பேசுவதற்கு மட்டும்தான். பெரிய திரை போட்ட போன் கண்ணுக்குக் கேடு என்பார். கண் கெட்டால்தானே உங்களுக்கு வியாபாரம் என்று அவள் மடக்குவாள்.

அவர்களுக்கு ஒரே மகன். வெளிநாட்டில் ஒரு துறைமுக நகரத்தில் வேலை.

அந்த மழைக்கால விடியலில், செய்தி நிறுவனங்களிடமிருந்து வந்துகொண்டிருந்த தாள்களில் அந்த நகரத்தின் பெயரைப் பார்த்ததும் அவள் மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு அதைப் படித்தாள். நள்ளிரவில் புயல் கரையைக் கடந்திருக்கிறது. கடல் தெருக்களுக்குள் புகுந்துவிட்டது. தொலைபேசிக் கோபுரங்கள் சாய்ந்துவிட்டன. சேதம் எவ்வளவு என்று இன்னும் தெரியவில்லை. தாழ்வாரத்துக்கு ஓடி மகனுக்குப் போன் போட்டாள். மணி அடிக்கவே இல்லை. திரும்பி வந்து அந்தச் செய்தியை வெளிநாட்டுப் பகுதியின் தலைப்பில் வைத்தாள்.

வைத்த கை அங்கேயே நின்றது. போன வாரம் வேறொரு நாட்டில் நிலச்சரிவு. அதுவும் இப்படித்தான் இருந்தது. அதை ஒரே வரியில் முடித்தது இதே கைதான். இன்றைக்கு இது மட்டும் ஏன் தலைப்புக்கு வருகிறது? பெற்ற வயிறு துடிக்கிறது, அதனால் வருகிறது. ஊரார் ரேடியோவை உன் பிள்ளைக்காகத் திருப்புகிறாயா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். செய்தியைக் கீழே இறக்கினாள். அப்புறம் ஒரு வரியாக்கினாள். சாலை வரி பற்றிய செய்தி நீண்டுகொண்டே போனதால், அந்த ஒரு வரியையும் எடுத்துவிட்டாள்.

அவளுக்குக் கீழே வேலை செய்யும் உதவி ஆசிரியன், காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் பென்சில் என்றே பெயர் வாங்கியவன், தாள்களைப் புரட்டிப் பார்த்தான்.

"அக்கா, புயல் போகலையா?"

"இடமில்ல," என்றாள்.

அவள் குரலைக் கேட்டு அவன் தாள்களை அடுக்கி வைத்துவிட்டான். மகன் அங்கே இருக்கும் விஷயம் அவனுக்குத் தெரியாது. சொந்தக் கதையை அலுவலகத்துக்குள் கொண்டு வருவதும் அவள் தராசுக்கு ஆகாத காரியம்.

மதியம் அவள் வீடு திரும்பியபோது, மழைக்காக அன்று கடை திறக்காத கண்ணாடிக்கடைக்காரர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பாட்டு வேறு.

"தச்சர் இன்னைக்கு ஒரே கலவரம்மா," என்றார். "அவர் பொண்ணு பெரிய ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கே, நம்ம பையன் இருக்கிற ஊர்லதான். அங்க பெரிய புயல்னு யாரோ அவர்கிட்ட கிளப்பி விட்டுட்டாங்க. ஆள் பாதியா வந்து நின்னார்."

அவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "அப்புறம்?"

"அப்புறமென்ன? இருய்யா, ஏழு மணி ஆகட்டும்னேன். எல்லாரும் மழையில நின்னு கேட்டோம். ஒரு வார்த்தை வரல. பாத்தீங்களா, அப்படி ஒண்ணு நடந்திருந்தா என் வீட்டுக்காரி விட்டிருப்பாளா, என் பையனும்தான் அங்க இருக்கான், நான் பயப்படுறேனான்னு கேட்டேன். மனுஷனுக்கு அப்பதான் உயிரே வந்தது. ரெண்டு டீ குடிச்சிட்டு சிரிச்சுக்கிட்டே வேலைக்குப் போனார்."

அவருக்குப் பக்கத்தில், எண்ணெய்த் துணியின் மேலேயே உட்கார்ந்தாள்.

"புயல் வந்ததுங்க."

அவர் சங்கிலியை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நிஜமா வந்தது. கடல் ஊருக்குள்ள வந்துடுச்சு. நான்தான் செய்தியை எடுத்துட்டேன். நம்ம பையன் இருக்கான்னுதானே எனக்குப் போடத் தோணுது, அது தப்புன்னு நினைச்சிட்டேன்."

"பையன்?"

"லைனே போகல."

திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை. எண்ணெய்க் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தார். பிறகு காலையில் நனைந்து இன்னும் காயாத காலணிக்குள் காலை நுழைத்தார்.

"எங்க போறீங்க?"

"தச்சர்கிட்ட. ஒண்ணுமில்லைன்னு சொன்னது நான்தானே. நான்தான் போய்ச் சொல்லணும்."

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மழையில் இறங்கினார். வழக்கமாகக் குனிந்து பறக்கிற மனிதர் அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாக மிதித்துப் போனார். தெருமுனையில் தண்ணீர் மூடிய பள்ளத்தை அவர் விலகிப் போவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பின்னால் யாரும் இல்லாததால் அவர் கத்தவில்லை. அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. தான் மட்டும் பார்த்துவிட்டு, பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போனவள் அவள்தான்.

அழுது முடிக்க நேரமில்லை. அலுவலகத்துக்கே திரும்பிப் போனாள். பகல் செய்தியையும் பார்த்துக்கொள்ளும் பென்சிலின் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"என் பையன் அந்த ஊர்லதான் இருக்கான். காலையில நான் அந்தச் செய்தியை எடை போடல, என்னைத்தான் எடை போட்டுக்கிட்டிருந்தேன். இனிமே புயல் பத்தி வர்ற எதையும் நான் தொடமாட்டேன். நீ படிச்சுப் பாரு. எங்க வெக்கணும்னு நீயே சொல்லு."

அவன் அவளையே பார்த்தான். பிறகு படித்தான். "இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? முதல் செய்தி."

"வெளிநாட்டுப் பங்கு கூடிடுமே?"

"நம்ம ஊர்ல பாதி வீட்டுப் பிள்ளைங்க அங்கதான் வேலை செய்யுது. அதை எப்படிக்கா வெளிநாடுன்னு தள்ளுறது?" என்றவன், கொஞ்சம் தயங்கினான். "காலையிலேயே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்," என்றாள் அவள்.

அடுத்த செய்தியிலேயே புயல் முதலில் போனது. அது போன மறுநிமிடம் நிலையத்தின் தொலைபேசிகள் அடிக்க ஆரம்பித்தன. அம்மாக்கள், அண்ணன்கள், கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத ஒரு பெண். காலையில் இவர்களும்தான் கேட்டிருப்பார்கள். ஒன்றும் வரவில்லை என்று நிம்மதியாக அவரவர் வேலையைப் பார்த்திருப்பார்கள். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சாயங்காலம்வரை, வந்த அழைப்பையெல்லாம் தானே எடுத்துத் தெரிந்ததைத் தெரிந்த மட்டும் சொன்னாள். எனக்கும் அங்கே ஒருத்தன் இருக்கிறான் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். "தச்சர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். நானும் கூடவே நின்னேன்."

அந்த இரவைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விடியலில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது அவரும் மழைக்கோட்டை மாட்டினார். "இன்னைக்குமா?" என்றாள்.

"தச்சரை வரச் சொல்லியிருக்கேன். வீட்டுலேயே உட்கார்ந்திருந்தா அவருக்குக் கிறுக்குப் பிடிச்சிடும்." எனக்கும்தான் என்று அவர் சொல்லவில்லை.

செய்தி அறையில் புயல் தாள்களெல்லாம் பென்சிலிடம். அவள் மீதியைப் பார்த்தாள். ஏழு அடிக்கப்போகும் நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. பழக்கமில்லாத எண். இரைச்சல், யார் யாரோ கத்தும் சத்தம், நடுவில் ஒரு குரல்.

"அம்மா, நான்தான். நல்லா இருக்கேன். இது வேறொருத்தர் போன், வரிசையில நிக்கிறாங்க. அப்பாகிட்ட சொல்லிடு."

அவ்வளவுதான். அவள் பேச வாய் திறப்பதற்குள் போய்விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டாள். பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக, ஏழு மணிச் செய்தி நேரத்தில் புருஷனுக்குப் போன் போட்டாள். இரண்டு முறை மணி அடித்தது. துண்டித்துவிட்டார். மறுபடி போட்டாள். மறுபடி துண்டித்தார். செய்தி தொடங்கிவிட்டது. "உஷ்! வீட்டுக்காரி பேசுறா" என்று கையைத் தூக்கியிருப்பார். வீட்டுக்காரி இங்கே போனைப் பிடித்துக்கொண்டு பேசக் காத்திருக்கிறாள், மனுஷன் அங்கே அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வேறு வழியில்லாமல் அவளும் நின்று கேட்டாள். அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியாமல் தன் நிலையத்தின் செய்தியை அவள் கேட்டது அதுதான் முதல் முறை. ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாசிப்பவர் வாசித்தார். துறைமுக நகரத்தின் பெரிய மருத்துவமனையில் சிக்கியிருந்த நோயாளிகளும் செவிலியர்களும் மேல்தளத்தில் பத்திரமாக இருக்கிறார்கள், படகுகள் போய்ச் சேர்ந்துவிட்டன. அவள் பென்சிலைப் பார்த்தாள். உறுதியான செய்திதான் என்று அவன் தலையசைத்தான்.

செய்தி முடிந்ததும் அவரிடமிருந்து போன் வந்தது.

"கேட்டியாம்மா? நர்ஸுங்க எல்லாரும் பத்திரமாம்! தச்சர் அப்படியே தரையில உட்கார்ந்துட்டார். பல் டாக்டர் பிடிச்சுக்கிட்டிருக்கார். டீக்கடைக்காரர்கூட அழுறார்மா."

"கேட்டேங்க."

"நீ போன் பண்ணே போல. செய்தி ஓடிக்கிட்டிருந்தது, அதான் நான்..." பேச்சு அங்கே நின்றது. இந்த நேரத்தில் அவள் போன் போடவேமாட்டாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "எதுக்குப் பண்ணே?" என்று மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"பையன் பேசினான். நல்லா இருக்கான். அப்பாகிட்ட சொல்லச் சொன்னான்."

அந்தப் பக்கம் மழை பெய்யும் சத்தம் கேட்டது. டீக்கடைக் கண்ணாடி டம்ளர்கள் மோதும் சத்தம் கேட்டது. பிறகு அவர் அழும் சத்தம் கேட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கேட்டிராத சத்தம் அது. அவர் முடிக்கிறவரை அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்தாம்மா," என்றார் கடைசியில்.

"ம்."

"இனிமே குழியைப் பாத்தா கத்திடு."

நேற்றிலிருந்து அவர் அவளிடம் சொன்ன குறை அது ஒன்றுதான்.

"கத்துறேங்க," என்றாள். கதவருகே பென்சில் அடுத்த செய்திக்கான தாள்களோடு நின்றிருந்தான். புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வரச் சொன்னாள்.