நல்லமுத்து அண்ணன் வாங்கித் தந்த ஓஸ்

ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய். நல்லமுத்து அண்ணனுக்கு நான் தரவேண்டிய பாக்கி அது. மூணாற்றுக் கடையில் அவர் கைக்காசு போட்டு எனக்கு எடுத்துத் தந்த, தண்ணீர் பாய்ச்சுகிற கறுப்பு ஓஸின் விலை. பூண்டு பிடுங்கியதும் தந்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன்.

சூரியநெல்லி எஸ்டேட்டில் கொழுந்து மூட்டை சுமந்து சுமந்து என் முட்டி தேய்ந்த பிறகுதான் நானும் என் மனைவி பிலோமியும் காந்தலூருக்கு வந்தோம். அண்ணனின் பூண்டுக் காட்டை ஒட்டி அரை ஏக்கர் குத்தகைக்குக் கிடைத்தது. பூண்டு நட்டோம்.

இங்கே வாய்க்கால் கிடையாது. மேலே கிராண்டீஸ் என்கிற யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் ஓடுகிற ஓடையில் அவரவர் ஓஸின் வாயை வைத்து, ஓட்டை போட்ட தகர டப்பாவை மாட்டி, சாக்கைச் சுற்றிக் கல்லைத் தூக்கி வைப்போம். தண்ணீர் சரிவில் தானாக இறங்கி, காட்டில் நிற்கும் ஸ்பிரிங்ளரைச் சுழற்றும். மோட்டாரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். ஒருத்தர் வாய்க்கு மேலே இன்னொருத்தர் வாய் வைக்கக் கூடாது. அது ஊர் வழக்கம்.

அந்த வருஷம் ஆடியில் சில நாள் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ரோட்டையே அறுத்துக்கொண்டு தண்ணீரெல்லாம் பாம்பாற்றில் போய் விழுந்தது. அதோடு சரி. எங்களுக்கு உரிய ஐப்பசி மழை வெறும் தூறலாகப் போய்விட்டது. இப்போதெல்லாம் மழை இப்படித்தான். மொத்தமாக வரும், இல்லையென்றால் வரவே வராது. வழக்கமாகப் பங்குனி வரைக்கும் கணுக்காலை நனைக்கிற ஓடை, மாசி பிறப்பதற்குள் மணிக்கட்டுத் தடிமனுக்கு மெலிந்துவிட்டது. பூண்டு பல் பிடிக்கிற நேரம். இன்னும் ரெண்டு தண்ணீர் பாய்ந்தால் பிழைக்கும். இல்லையென்றால் குத்தகைப் பணமும் சேர்ந்து போகும்.

ஒருநாள் என் ஸ்பிரிங்ளர் நின்றுவிட்டது. மேலே ஏறிப் பார்த்தால், என் ஓஸுக்கு மேலே அண்ணன் ஓஸ்.

"என்னண்ணே, என் வாய்க்கு மேல கொண்டாந்து வச்சிருக்கீங்க?"

"சும்மா இரு சூசை. கீழ கெடக்குறதும் என் காசுல வாங்குன ஓஸுதான? என் ஓஸுக்கு மேலதான வச்சிருக்கேன். ஒன் ஓஸுக்கு மேலயா வச்சேன்?"

"அப்ப உங்க ஓஸை நீங்களே எடுத்துக்கிடுங்க!"

"எடுக்கத்தான் போறேன். காலையில வர்றேன், சுருட்டி வை."

வீட்டுக்கு வந்து சொன்னேன். பிலோமி அடுப்பை விட்டுத் திரும்பவே இல்லை. "ஓஸைக் குடுத்துட்டு, பூண்டுக்கு எச்சி துப்பித் தண்ணி பாச்சுவீங்களோ?"

ரோஷம் விடவில்லை. பொழுது சாய்வதற்குள் போய் ஸ்பிரிங்ளரைக் கழற்றினேன். ஓஸைச் சுருட்ட உட்கார்ந்தால் முட்டி மடங்க மாட்டேன் என்றது. எங்கள் ரெண்டு காட்டுக்கும் மேல்மூலையில், கிராண்டீஸ் வேரைத் தோண்டி எடுத்த பெரிய குழி ஒன்று கிடந்தது. ஓடையில் இருந்த வாயை எடுக்காமலே, ஓஸின் கீழ்முனையை அதற்குள் விட்டெறிந்துவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

காலையில் நானும் பிலோமியும் போனபோது அண்ணன் குழிக்கரையில் நின்றுகொண்டிருந்தார்.

"இதுல யாருடா தண்ணி கட்டுனது?"

எட்டிப் பார்த்தேன். களிமண் குழியில் தொடையளவு தண்ணீர். ஸ்பிரிங்ளரைச் சுழற்றத் தெம்பில்லாத தண்ணீர், ராத்திரி முழுக்கச் சொட்டிச் சொட்டி அதற்குள் நிறைந்திருந்தது.

"உங்க பக்கம் எப்படிண்ணே?"

"எங்க? ஒரு சுத்து சுத்தல. புர்ரு புர்ருன்னு காத்துதான் வருது."

பிலோமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ரெண்டு பேரும் போட்டி போட்டுக் காத்தைக் குடிச்சிருக்கீங்க. குழி சத்தமில்லாமத் தண்ணியக் குடிச்சிருக்கு."

அண்ணன் முறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "வாய் பெருசுதான் தங்கச்சி ஒனக்கு" என்றார். குழியை இன்னொரு தடவை எட்டிப் பார்த்து, "எங்க ஊட்டுல ஒரு தார்ப்பாய் கெடக்கு" என்றார்.

நான் குழியை வெட்டிச் சரிசெய்தேன். தார்ப்பாயை விரித்ததும் அது படுதாக் குளம் ஆனது. அண்ணன் ஓஸை மட்டும் ஓடையில் விட்டோம்; இருந்த தண்ணீரெல்லாம் ஒரே வாயில் குளத்துக்கு வந்தது. என் ஓஸை ரெண்டாக வெட்டி, குளத்திலிருந்து அவர் காட்டுக்கு ஒரு துண்டு, என் காட்டுக்கு ஒரு துண்டு. ஒருநாள் அவருக்கு, மறுநாள் எனக்கு.

பங்குனியில் பூண்டு பிடுங்கினோம். ரொம்பப் பருமன் இல்லை, ஆனால் நல்ல வாசம். பிலோமி கட்டுக் கட்டாகக் கட்டி அடுப்புப் புகையில் தொங்கவிட்டாள். விற்ற காசில் அண்ணனுக்குத் தரவேண்டிய பாக்கியை எடுத்துக்கொண்டு போனேன்.

"என்னது இது?"

"ஓஸுக் காசுண்ணே."

"அதுல பாதி என் காட்டுலதான கெடக்கு?"

"சரி, மீதிப் பாதிக்கு?"

"குழி வெட்டுன கூலி. ஆடி மழைக்கு முன்னால இன்னும் அகலமா வெட்டணும், பாத்துக்க. ரோட்டை அறுத்துட்டு ஓடுற தண்ணிய இங்க புடிச்சு வைப்போம். கடன் முடிஞ்சுச்சு, போ."

"என் முட்டி கேக்கணுமேண்ணே."

"அதுக்கும் கொஞ்சம் பூண்டு வச்சுக் கட்டு."

பணத்தை அப்படியே கொண்டுவந்து பிலோமி கையில் கொடுத்தேன். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அவரு தார்ப்பாய் பத்தாது. நாளைக்கு மூணாறு போயி அகலமானதா ஒண்ணு எடுத்துட்டு வரலாம்" என்றாள்.