கட்டிலுக்கடியில் ஒரு பொத்தான்

வீட்டு வேலைக்குப் புதிதாக வந்த அக்காவிடம், "உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க" என்று முதல் நாள் வாய் நிறையச் சொன்னேன். மறுநாளே கட்டிலுக்கடியில் ஒரு நீலப் பொத்தானைப் போட்டு வைத்தேன். அங்கே ஒழுங்காகப் பெருக்குகிறாரா என்று பார்க்கத்தான்.

நான்கு நாள் கழித்துக் குனிந்து பார்த்தால், பொத்தான் போட்ட இடத்திலேயே கிடந்தது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"ஏன்க்கா, கட்டிலுக்கடியில துடைப்பமே போகாதா?"

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

"தரையத் தடவிப் பாருங்கம்மா."

தடவினேன். கையில் ஒரு தூசி ஒட்டவில்லை.

"அந்தப் பட்டனை முதல் நாளே பாத்துட்டேன். தினமும் எடுத்து ஓரமா வச்சிட்டு, பெருக்கித் துடைச்சு, இருந்த இடத்துலயே வச்சிடுவேன்."

"எடுத்து எங்கிட்ட குடுத்திருக்கலாமே."

"போன வீட்டுல சோபாவுக்கடியில ஒரு கம்மல் கெடந்துச்சு. எடுத்துக் குடுத்தேன். இன்னொண்ணு எங்கன்னு கேட்டாங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பொத்தானை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, நிமிராமலே, "தப்பா எடுத்துக்காதீங்கக்கா" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று துடைப்பத்தைக் கையில் எடுத்தவர், வாசற்படியில் நின்று திரும்பினார்.

"பீரோ பின்னாடி வெள்ளைப் பட்டன் ஒண்ணு இருக்கே, அதையும் எடுத்துக்கிறீங்களா? இல்ல, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா?"

அவர் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன்.