கை வெக்காதீங்க

பலகைகளைக் காணவில்லை.

ஓட்டோவிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறியதும் சுபைறாவின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். பாதையிலிருந்து கடலையொட்டிய களப்பின் ஓரம் வரை மணலுக்கு மேல் வரிசையாகப் பலகை போட்டிருந்தார்கள். அதன் மேல் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு படகடிக்குப் போய்விடுவாள். சிறுபோக விதைப்புக் காலத்திலிருந்து அப்படித்தான் போய்வந்தாள். இன்று பலகை கிடந்த இடத்தில் மணலில் தடம் மட்டும் இருந்தது.

"பலகையெல்லாம் எங்க காக்கா?"

அண்ணன் நஸீம் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அந்தா, மேடைக்குப் போட்டிரிக்கானுகள்."

களப்போரத்தில் பந்தல் போட்டு மேடை கட்டியிருந்தார்கள். 'மாற்றுத்திறனாளிகளுக்கான பாய்ப்படகுப் போட்டி' என்ற எழுத்தும் ஒரு படகின் படமும் பதாகையின் மூலையில் இருந்தன. மீதி இடமெல்லாம் பிரதம அதிதியின் முகம்.

"அதிதி மண்ணில நிண்டா கால் தேஞ்சி போயிருமாமா?"

"ஒரு நாளைக்குத்தானே புள்ள. நான் இரிக்கன்தானே."

நஸீம் நாற்காலியைப் பின்பக்கமாகச் சாய்த்து மணலில் இழுத்துக்கொண்டு நடந்தான். முகம் வானத்தைப் பார்க்க, முதுகு முன்னே போக, சுபைறா தன் போட்டிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

நஸீம் கெட்டவனில்லை. கல்முனையில் யாரைக் கேட்டாலும் அதைச் சொல்வார்கள். அக்கரைப்பற்றுக்குப் போய்த் திரும்பும் வழியில் ஓட்டோ புரண்டு, தங்கைக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் போன நாளிலிருந்து அவளைத் தூக்கி இறக்குவது அவன்தான். நெல் வியாபாரம் எவ்வளவு மும்முரமாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகத் தவறியதில்லை. ஊரும் அப்படித்தான். அவள் நாற்காலியைக் கண்டால் கேட்காமலே யாராவது பின்னால் வந்து தள்ளுவார்கள். புடைவைக் கடைக்குப் போனால் கடைக்காரர் அவள் தலைக்கு மேலால் நஸீமைப் பார்த்துக் கேட்பார்: "தங்கச்சிக்கு என்ன நிறம் வேணுமாம்?" அபாயா தைத்துச் சம்பாதிக்கிறவள் அவள். நிறம் தெரியாதவளா?

அதனால்தான் அந்தப் படகு அவளுக்குப் பிடித்துப் போனது. ஒரு ஆளுக்கான படகு. அடியில் கனத்த இரும்பு, எளிதில் கவிழாது. கால் நீட்டிக் குந்திக்கொண்டு, ஒரு கையில் சுக்கான் பிடியும் மற்றக் கையில் பாய்க்கயிறும் பிடித்தால் போதும். பின்னால் ஆள் நிற்க அதில் இடமே இல்லை.

இன்று முதலாவதாக வருபவர் திருகோணமலையில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போவார். ஒரே ஒரு இடம். மூன்று இரவு தங்க வேண்டும். நஸீம் உம்மாவுக்கு முன்னால் வாக்குக் கொடுத்திருந்தான்: "நீ முதலாவதா வந்தா நானே கூட்டிப் போறன்." சொல்லும்போது அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அவள் முதலாவதாக வருவாள் என்று அவன் நினைத்ததே இல்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் வாக்கு வாக்குத்தான்.

படகடியில் பவிதரன் களப்பையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். காரைதீவுப் பொடியன், பாய் கட்டப் பழக்கியவன் அவன்தான்.

"அக்கா, கரக்காத்து இப்ப நல்லா இரிக்கி. வெயில் ஏறினா செத்துரும். பிறகு கடக்காத்து வாறவரைக்கும் நடுக் களப்பில குந்திக்கிட்டுக் கொட்டாவிதான் விடணும்."

"அப்ப இப்பவே விடச் சொல்லுங்க தம்பி."

"ஹாஜியார் விடணுமே."

படகுக் கழகத் தலைவர் அப்துல் ஸமட் ஹாஜியார் கைத்தொலைபேசியும் காதுமாகப் பந்தலுக்குள் நடந்துகொண்டிருந்தார். அதிதி வராமல் போட்டியைத் தொடங்குவது அவர் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். "அக்கரைப்பற்ற விட்டு வெளிக்கிட்டுட்டாராம்" என்றார். நெடுநேரம் கழித்து, "காரதீவுச் சந்தியில வாறாராம்" என்றார்.

"மாட்டு வண்டியிலயா வாறார்?" என்றான் றிப்தி. மோட்டார் சைக்கிள் விபத்தில் ஒரு காலை இழந்தவன். அவளோடு போட்டியிடப் போகிறவன். ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு தன் படகில் ஏற்கனவே ஏறிக் குந்தியிருந்தான். "ராத்தா, நீங்க எப்பிடியும் முந்திருவீங்க. போகக்குள்ள எனக்கும் ஒரு கயிற எறிஞ்சி உடுங்க."

"ஒனக்குக் கயிறு எறிஞ்சா ரெண்டு பேரும் வெளிய. வேற ஆள்ர கை படகில பட்டா ஓட்டம் செல்லாது. மறந்துட்டியா?"

"இந்த ராத்தா ஒராள்! கனவிலயும் சட்டம் படிப்பாங்க போல."

பக்கத்தில் நின்ற நஸீமும் சிரித்தான். அந்தச் சட்டத்தை வீட்டில் அவள் சொல்லிச் சொல்லி உம்மாவுக்கே பாடமாகியிருந்தது.

அதிதி வந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். குர்ஆனிலிருந்து கிறாஅத் ஓதினார்கள். வரவேற்புரை, தலைமையுரை, அதிதியுரை. பவிதரன் பந்தலைப் பார்க்கவில்லை, பதாகையைப் பார்த்தான். காலையில் படபடத்துக்கொண்டிருந்த பதாகை இப்போது மெல்ல மூச்சு வாங்கியது. திருகோணமலையிலிருந்து வந்திருந்த நடுவர் நிலாந்தினி எழுந்து, பார்வையாளர்களுக்குச் சட்டத்தைச் சொல்ல ஒலிவாங்கியைக் கேட்டார்.

"நேரம் போயிட்டு மிஸ்" என்றார் ஹாஜியார். "ஓடுறவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்தானே."

கொடி விழுந்தது.

சுபைறா பாய்க்கயிற்றை இழுத்தாள். எஞ்சியிருந்த கரைக்காற்று பாயில் வந்து குந்தியது. படகு சற்றே சரிந்து ஓடியது. கரை பின்னால் போயிற்று. ஒலிபெருக்கி பின்னால் போயிற்று. நஸீமும் பின்னால் போனான். தண்ணீர் படகின் வயிற்றில் சலசலத்தது. காற்றுக்குச் சரியாகப் பாயை விட்டால் படகு போகும்; பிழையாக விட்டால் நிற்கும். பாவம் என்று அது விட்டுக்கொடுக்காது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

மிதவையை அவள் சுற்றித் திரும்பும்போது றிப்தி வெகு தூரத்தில் வந்துகொண்டிருந்தான். "போங்க ராத்தா, போங்க! திருகோணமலையில எனக்கும் சேத்து ஒரு சாப்பாடு வைங்க!" என்று கத்தினான்.

முடிவுக் கோடு தெரிந்தது. இரண்டு சிவப்பு மிதவைகள். கரையிலிருந்து கல்லெறியும் தூரம்.

அப்போது காற்று செத்தது.

பாய் தொங்கிப் போயிற்று. படகு இன்னும் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு வந்து, நின்றது. கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு வீட்டு வளவின் நீளம்கூட மீதியில்லை. அவள் பயப்படவில்லை. இதைப் பவிதரன் முன்பே சொல்லியிருந்தான். காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். றிப்தியின் பாயும் தூரத்தில் தொங்கிக் கிடந்தது, அவனும் காத்திருந்தான். கடற்பக்கத் தென்னைகளை அவள் பார்த்தாள். ஓலை அசைந்தால் காற்று வந்துவிட்டது. ஒரு ஓலை அசைந்தது. பிறகு பக்கத்து மரத்திலும் ஒன்று.

ஆனால் கரையில் இருந்தவர்கள் தென்னையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்கள்.

"யா அல்லாஹ், புள்ள நடுத் தண்ணில மாட்டிக்கிட்டா."

"பாவம், காலும் ஏலாது."

"சகோதரி சுபைறாவுக்காக எல்லோரும் துஆச் செய்யுங்கள்" என்றது ஒலிபெருக்கி.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. தோணி கரை தட்டும்போது பக்கத்தில் நிற்பவன் சும்மா நிற்க மாட்டான். யாருடைய தோணி, எந்த ஊர் என்று கேட்க மாட்டான். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, தோளைக் கொடுத்து இழுப்பான். கையைக் கட்டிக்கொண்டு நிற்பவனை மனிதனாக மதிக்க மாட்டார்கள்.

நஸீம் சாரனை மடித்துக் கட்டினான்.

"வராதீங்க காக்கா!" சுபைறா கத்தினாள். "கை வெக்காதீங்க! காத்து வருது!"

நஸீம் அவளைப் பார்த்தான். பிறகு பின்னால் திரும்பிக் கரையில் நின்ற சனத்தைப் பார்த்தான். பிறகு தண்ணீருக்குள் இறங்கினான். கூடப் பிறந்தவனே இறங்கியதைக் கண்டதும் பந்தலே இறங்கியது. பவிதரன் கையை அகல விரித்து மறித்துப் பார்த்தான். அவனையும் தள்ளிக்கொண்டு போனார்கள். நெஞ்சளவுத் தண்ணீரில் கத்திக்கொண்டு வந்து படகின் விளிம்பைப் பிடித்தன கைகள். இரண்டு பக்கமும் கை. பின்னாலும் கை. யாரோ அவள் பிடியிலிருந்த பாய்க்கயிற்றையும் வாங்கி இழுத்தார்கள், அது படகை இழுக்கும் கயிறென்று நினைத்து.

"உடுங்க! உடுங்க!" அவள் ஒரு கையைப் பிடித்துத் தள்ளினாள். அந்தக் கைக்குரியவர் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "பயப்படாத மகள், வந்துட்டம்."

சிவப்பு மிதவைகளுக்கு நடுவால் படகு இழுபட்டுப் போனபோது கடற்காற்று வந்து சேர்ந்தது. பாய் படாரென்று நிமிர்ந்தது. இழுத்தவர்களில் இரண்டு பேரின் தலையில் அடித்தது. எல்லோரும் சிரித்தார்கள். அடியிரும்பு மணலில் மோதி, படகு ஒரு பக்கம் சாய்ந்து கரையில் நின்றதும் கைதட்டல் களப்பின் அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. "அல்லாஹு அக்பர்" என்றார்கள். ஒருவர் அழுதார்.

அதே காற்றில் றிப்தி வந்து கோட்டைக் கடந்தான். அதைப் பார்த்தவர் நிலாந்தினி ஒருவர்தான்.

நிலாந்தினி நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். "உங்கட ஓட்டம் மிக நல்லது. ஆனா வெளியாள் உதவி. என்னால ஒண்டும் செய்யேலாது. மன்னிக்கோணும்."

"எனக்குத் தெரியும் மிஸ்" என்றாள் சுபைறா.

ஹாஜியாருக்கு விசயம் விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் கவலைப்பட்டார், உடனே வழியும் கண்டுபிடித்தார். "அப்ப தங்கச்சிக்கு ஒரு விசேட பரிசு குடுப்பம்!" அதிதிக்குப் போர்த்திய பொன்னாடையையே எடுத்து அவள் தோளில் போர்த்தினார்கள். அதிதி நாற்காலிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, அவள் தோளில் கை போடப் போய், நினைவு வந்தவராக நாற்காலியின் கைப்பிடியில் கையை வைத்தார். படம் எடுத்தார்கள். "சிரிங்க தங்கச்சி" என்றார் படம் எடுத்தவர். அவள் சிரிக்கவில்லை. சிரிக்கும் வரைக்கும் அவர் விடவில்லை.

றிப்தி ஊன்றுகோலில் தத்தித் தத்தி வந்தான். அவன் முகத்தில் வென்றவனின் களை இல்லை.

"திரும்ப ஓடுவம் எண்டன் ராத்தா. அதிதிக்கு நேரமில்லயாம். பேர் இண்டைக்கே குடுக்கணுமாம்."

"பரவால்ல, நீ போ." பிறகு கேட்டாள்: "நீயும்தானே அங்க நிண்ட? ஒன்னை இழுக்க ஏன்டா ஒத்தரும் வரல்ல?"

றிப்தி மணலைப் பார்த்தான். "ஆம்பிளப் புள்ள, எப்பிடியும் வருவான் எண்டு உட்டுட்டாங்க போல."

பந்தலைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். நஸீம் நனைந்த சாரனோடு, இரண்டு கையிலும் சர்பத் கிளாசோடு வந்தான். கண்டவர்களெல்லாம் அவன் முதுகில் தட்டினார்கள். "கூடப் பிறந்தவன் எண்டா இப்பிடி இரிக்கணும்" என்று யாரோ சொல்வது கேட்டது.

"இந்தா, குடி."

அவள் வாங்கவில்லை. "காக்கா, நான் கத்தினது ஒங்களுக்குக் கேட்டதா?"

நஸீம் இரண்டு கிளாசையும் மணலில் வைத்தான்.

"சட்டம் தெரியும்தானே? வீட்ட எத்தின தரம் சொன்னன்?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கிட்டா வந்தீங்க?"

"என்னை என்ன செய்யச் சொல்ற புள்ள?" அவன் குரல் தாழ்ந்தது. "ஊரே பாத்துக்கிட்டு நிக்கிது. என்ட தங்கச்சி தண்ணில கிடக்கா. நான் கரையில கையக் கட்டிக்கிட்டு நிண்டா நாளைக்குப் பள்ளிவாசலடியில என்னைப் பத்தி என்ன கதைப்பாங்க? ஒனக்கு ஒரு ஓட்டம் போச்சி. எனக்கு..." அவன் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. பிறகு ஆறுதலாகச் சொன்னான்: "திருகோணமலைக்கு நானே கூட்டிப் போறன். பாத்துட்டு வருவம். நான் இரிக்கன்தானே."

அவன் நாற்காலியின் பின்பிடியைப் பிடித்தான்.

"கைய எடுங்க."

"மண்ணில போகேலாது புள்ள."

"எடுங்க காக்கா."

நஸீம் கையை எடுத்தான். சுபைறா பொன்னாடையைக் கழற்றி மடியில் வைத்தாள். இரண்டு சக்கரங்களையும் பிடித்து முன்னால் உந்தினாள். சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டு இறங்கியது. மறுபடி உந்தினாள். இன்னும் இறங்கியது. மேடையில் இரண்டு பேர் பலகைகளைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

போகப் புறப்பட்டவர்கள் நின்றார்கள். "என்ன வாப்பா, தங்கச்சியத் தள்ளி உடாம நிக்கிறாய்?" என்று ஒருவர் நஸீமைக் கேட்டார். நஸீம் தலை குனிந்துகொண்டான். கேட்டவர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கிட்ட வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

சுபைறா சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. அவர்கள் வருவதற்குள் ஒரு முழமாவது நகர்ந்துவிட வேண்டும் என்று உந்தினாள்.